தாம்பரம் ரயிலில் ஒரு துண்டு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாலவனத்தத்தில் பருத்தி லோடு ஏற்றிப் பிழைத்து, சொந்தமாக லாரி வாங்கியவன். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஒரு பொருட்டா? மனைவி போன பிறகு, மகன் விட்டுச்சென்ற அந்தப் பெட்டியிலிருந்த ரயில் கேமை நானே நோண்டிக் கற்றுக்கொண்டேன்.

கேமில் வந்த மின்சார ரயில் பொம்மைபோல் பளபளத்தது. சென்னையில் மகன் வேலைக்குப் போகும் ரயில் அப்படியா இருக்கும்? அந்த கேமில் ரயிலை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சுவரில் அழுக்கு ஏற்றினேன், கைப்பிடிகளை ஆடவிட்டேன், ஹாரனையும் மாற்றினேன். கடைசியாக ஜன்னலோர சீட்டில் ஒரு துண்டைப் போட்டு, மகனுக்குப் படம் அனுப்பினேன்.

போனில் சிரித்தான். "அப்படியே நான் போற ரயிலுதாம்ப்பா! ஆனா எலெக்ட்ரிக் ட்ரெயின்ல யாரு துண்டு போட்டு எடம் புடிக்கா? அருப்புக்கோட்டை பஸ்ஸுன்னு நெனச்சீகளா? அத எடுத்துருங்க."

"ஏலே, அது ஒனக்குப் போட்ட எடம். ஊருக்கு வந்து எம் பக்கத்துல ஒக்காந்து நான் ஓட்டுறதப் பாரு."

"லீவு கெடைக்கட்டும்ப்பா, வாரேன்."

எங்கள் பக்கம் துண்டு கிடக்கும் சீட்டில் எவனும் உட்கார மாட்டான். கேமிலும் அப்படியே செய்துவைத்தேன். பொங்கலும் போய்விட்டது. தினமும் நான் ஓட்டும் ரயிலில் தாம்பரத்தில் கூட்டம் ஏறுகிறது. அந்த ஒரு சீட்டை விட்டுவிட்டு எல்லாரும் நின்றுகொண்டே வருகிறார்கள்.