பக்கத்து மேஜைக்காரர் கேட்ட கேள்வி

போன வெள்ளிக்கிழமை ஞானமுத்துவை அடக்கம் செய்தோம். மாட்டுப்பட்டி என்ற மலையூருக்கு மேலே, எங்கள் எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில். மழை விடவே இல்லை.

ஞானமுத்து, தேயிலை ஃபாக்டரி ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர். ஐந்து வருஷமாக! மழை, பஸ், கால்பந்து, மகளின் வீட்டுப்பாடம்... எதையாவது ஆரம்பிப்பார். நானோ சங்கோஜி. ‘ம்’ என்பேன். இல்லாவிட்டால் ஃபைலைப் பிரிப்பேன். டீக்கடையில் நாலு பேர் நின்றால், அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று தேயிலைக்குள் புகுந்து சுற்றிப் போகிற ஆள். வாசகர்களே, உங்களிலும் இந்த ஜாதி நிறைய உண்டென்று இந்தப் பத்திக்கு வரும் கடிதங்கள் சொல்கின்றன. கூச்சம் என்ன குற்றமா? — அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் என் மேஜையருகே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்பவாச்சும் நெஞ்சு எரிஞ்சிருக்கா?”

ஏதோ நீளமான கதை வரப்போகிறது என்று பயந்துவிட்டேன். தலை நிமிராமல், “டீயக் கொறைங்க” என்றேன்.

“சரிதான்” என்று போய்விட்டார்.

எஸ்டேட் டிஸ்பென்சரி ஆபீசுக்கு எதிரேதான். ரோட்டைத் தாண்டினால் போதும். அவர் முகம் வியர்த்திருந்ததா? தெரியாது. நான் பார்க்கவில்லை.

வியாழன் காலையில் போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து ஞானமுத்து வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி மரியம்மாள் கேட்டார்: “பக்கத்துலதான இருந்திய அண்ணாச்சி... அவிய ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாவளா?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

நாக்கு கூசாமல் வந்தது பொய். வாசல்வரை வந்து செருப்பை மாட்டினேன். உடனே கழற்றிப் போட்டேன். திரும்பிப் போய், அவர் எதிரே உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

மரியம்மாள் திட்டவில்லை.

“அன்னைக்குச் சாயங்காலம் எங்கிட்டயும் சொன்னாவ அண்ணாச்சி. நான் துணி தொவைக்கிற மும்முரத்துல... சீரகத் தண்ணி இருக்கு, குடிங்கன்னுட்டேன். இத நான் யாருகிட்டயும் சொல்லல.”

ஆறுதலாக எதையாவது சொல்லியாக வேண்டும். எனக்கா தெரியும்?

அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஆபீசுல அவிய என்னல்லாம் பேசுவாவ? சொல்லுங்களேன்... கேக்கணும் போல இருக்கு.”

காதில் விழுந்திருந்ததையெல்லாம் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று.