ஜெம்புட்

மலேசியாவில், மூவாரில் எங்கள் நாற்காலி ஆலையில், உப்புத்தாள் தேய்க்கும் பகுதியில் வார்சினி வேலை பார்த்தாள். ஜாவாக்காரி. நாற்பது வயதிருக்கும். ஆலை, விடுதி, மறுபடி ஆலை. மூன்று வருஷத்தில் இந்த ஊர் வீடு ஒன்றின் வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை.

பக்கத்து மேசை ஜபேதா ஒருநாள் சொன்னாள்: "சனிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். உன்னை ஜெம்புட் பண்றேன். பதினோரு மணி, மறந்துடாதே."

ஜாவாவில் அந்தச் சொல்லுக்கு, நேரில் வந்து கூட்டிப் போவது என்று பொருள். வார்சினி தன் ஊதா கெபாயாச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

"மகாராணிக்கு வண்டி வருதாம், வழி விடுங்கடி" என்றார்கள் அறைத் தோழிகள்.

பத்தரைக்கே விடுதி வாசலில் போய் நின்றாள். பன்னிரண்டு மணிக்கு, செம்பனைத் தோட்டத்துக்கு அப்பாலிருந்து மாப்பிள்ளை ஊர்வலத்தின் கொட்டுச் சத்தம் கேட்டது. நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். கூட்டிப் போக வருகிறேன் என்றவள் வராதபோது, தானாகப் போய் நிற்க மனம் வரவில்லை. இரண்டு மணிக்கு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள்.

அதன்பின் பதினொரு நாள் இருவரும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் தேநீர் வேளையில் ஜபேதா பொறுக்காமல் கேட்டாள்.

"கூப்பிட்டா வரமாட்டே. அவ்வளவு பெரிய மனுஷியா நீ?"

"நீங்கதான் வரலை அக்கா. மூணரை மணி நேரம் வெளியே நின்னேன்."

"நான் எதுக்கு வரணும்?"

"ஜெம்புட்னு சொன்னீங்களே."

ஜாவாப் பெண்களோடு பல வருஷம் வேலை செய்த எனக்குப் புரிந்துவிட்டது. "இங்கே அதுக்கு அழைக்கிறதுன்னு மட்டும்தான் அர்த்தம், வார்சினி" என்றேன்.

ஜபேதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஆலையே சிரித்தது. வார்சினியும் சிரித்தாள். பிறகு குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜபேதா மோட்டார் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிப் போனாள். பந்தல் பிரித்தாயிற்று, மகளும் புருஷன் வீடு போய்விட்டாள். ஜபேதா சோறு போட்டுவிட்டு, கல்யாணப் படங்களை எடுத்து அவள் மடியில் வைத்தாள். வார்சினி ஒவ்வொரு முகத்தையும் தொட்டு, "இது யாரு அக்கா?" என்று கேட்டாள். நாற்பது பெயர்களாவது கற்றிருப்பாள்.

நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினாள். எனக்கு எப்போதாவது செய்தி அனுப்புவாள். "பச்சைச் சட்டைக்காரர், அந்தச் சித்தப்பா, சௌக்கியமா?" என்று கேட்பாள். எனக்கு அவரைத் தெரியாது. அவளும் அவரை நேரில் பார்த்ததில்லை.