சட்டைப் பையில் இருந்த கிளிப்

ஒருநாள் காலையில் ஒரு பெண் அழுத கண்ணோடு பட்டறைக்கு வந்தாள். கணவனின் பெட்ரோல் காரில் தவறுதலாக டீசலை நிரப்பிவிட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாரு அண்ணே."

பட்டறைக்காரர் டாங்கை இறக்கிக் கழுவினார், குழாய்களை ஊதினார், பம்பை மாற்றினார். மத்தியானம் அந்தக் கணவன் மூக்கு நுனியில் கோபத்தோடு வந்து நின்றான்.

"பம்பு பழசு சார், எப்படியும் போயிருக்கும். நல்ல வேளையா உங்க வீட்டம்மா வண்டிய உடனே நிறுத்திட்டாங்க. இல்லன்னா இஞ்சினே போயிருக்கும்," என்றார் பட்டறைக்காரர்.

பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. சமையலறைச் சன்னல் வழியாக இதைக் கேட்ட அவர் மனைவி சாப்பாடு போடும்போது கேலி செய்தாள்: "நீங்ககூட பொய் சொல்வீங்களா?"

"பம்பு பழசுதானே," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

மற்ற பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தாராளம். டர்போ வைத்து வேகத்தைக் கூட்டிய கார்களுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். டர்போ காற்றை இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று ஏற ஏற பெட்ரோலும் ஏறவேண்டும். பெட்ரோல் பின்தங்கினால் உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் மெழுகுபோல் உருகிவிடும். அதனால் லேப்டாப் சொல்லும் கணக்குக்கு மேல் எப்போதும் கொஞ்சம் கூட்டியே விடுவார்.

"அண்ணே, இது குடிக்கிற குடிக்கு நான் நடந்தே போயிடலாம் போலிருக்கே," என்று வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள்.

"அது குடிக்கட்டும். நீ குடிச்சிட்டு ஓட்டாம இருந்தா சரி," என்பார்.

காலையில் கடவுளை நினைத்து இரண்டு நிமிடம் கண்ணை மூடி நிற்காமல் அவர் ஒரு வண்டியையும் தொட்டதில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. டர்போ எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெட்ரோல் பக்கத்துக்குத் தெரிவிக்க, சுண்டுவிரலைவிட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று உண்டு. பெட்ரோல் அழுத்தத்தை அளந்து பார்க்க அதைக் கழற்றி, அதன் வாயை ஒரு சின்ன மூடியால் அடைக்க வேண்டும். அளந்து முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். மறந்தால் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. அழுத்தி மிதித்தால்தான் பெட்ரோல் பின்தங்கும். ஆகவே குழாயைக் கழற்றினால் அதன் கம்பிக் கிளிப்பைக் கார்ச் சாவி வளையத்தில் கோத்துவிடுவார். வளையத்தில் கிளிப் தொங்கினால் வேலை பாக்கி. வளையம் காலியாக இருந்தால் வேலை முடிந்தது. பதினெட்டு வருஷமாக அது பிசகியதில்லை.

பஸ்காரர் மகனின் வண்டி வந்தபோதுதான் பிசகியது. அந்தப் பையனுடைய அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்த தெருவில் இருந்தார். பையன் தன் காருக்கு டர்போ வைத்திருந்தான். இரண்டு நாள் பாடுபட்டு எல்லாம் அமைத்து, ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடச் சொன்னான். மாற்றினால் அழுத்தத்தை மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாவி வண்டியிலேயே இருக்க, குழாயைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து மனைவி சன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, மூணாவது தடவையா சூடு பண்ணிட்டேன். நீங்க வர்றீங்களா, இல்ல தட்டை அங்க கொண்டு வரட்டுமா?"

"இந்தா வந்துட்டேம்மா."

அளந்தார், சரியாக இருந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து சாவி வளையத்தைப் பார்த்தார். காலி. கிளிப் இல்லையென்றால் குழாய் மாட்டியாகிவிட்டது என்று பொருள். பையனும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றான். இஞ்சின் மூடியைச் சாத்தி, சாவியைக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே நேர்சாலையில் அந்த வண்டி தீப்பிடித்தது. பிஸ்டன் உருகி, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு உடைந்து இஞ்சினைத் துளைத்து, எண்ணெய் சூட்டில் கொட்டியிருக்கிறது. பையன் பிழைக்கவில்லை. எரிந்துபோன வண்டியில் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்று போலீசார் எழுதி முடித்தார்கள்.

பட்டறைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எண்களை விரலால் தடவியபடி உட்கார்ந்திருந்தார். "எங்கதாம்மா தப்பு போச்சு? பெட்ரோல் கணக்குக்கு மேலதானே போட்டேன்?"

மூன்றாம் நாள் அவர் மனைவி துணி துவைக்க எடுத்தாள். நீலச் சட்டையின் பையில் ஏதோ குத்தியது. ஒரு சின்னக் கம்பிக் கிளிப். அவளுக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் சாவி வளையத்தில் அது தொங்குவதைப் பதினெட்டு வருஷமாகச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் வாளியிலிருந்து வழிந்து காலை நனைத்தது. தான் கூப்பிட்ட குரல் தன் காதிலேயே கேட்டது. கிளிப்பைப் பொத்தான் டப்பாவில் போட்டு, நூல்கண்டை அதன்மேல் வைத்து மூடினாள்.

பத்து நாள் அந்த டப்பா இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆண்டவனைத் தவிர. அந்த ஆண்டவனிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

பதினோராம் நாள் இருவரும் துக்கம் விசாரிக்கப் பஸ்காரர் வீட்டுக்குப் போனார்கள். மனைவியை இழந்து மகனோடு மட்டும் இருந்தவர் அவர். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. மகனுடைய படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் தம்பி. ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல," என்றார். "எனக்குப் பொறந்தவன் ரோட்டை விளையாட்டு மைதானம்னு நெனச்சான். சொந்தப் புள்ளைக்கு ஓட்டக் கத்துத்தரலையான்னு பழைய டிரைவருங்க கேக்கறாங்க. அவன் மூஞ்சியப் பாக்கவே வெட்கமா இருக்கு. உள்ள வெச்சுட்டேன்."

வீடு திரும்பியதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், டப்பாவைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். அவர் நூல்கண்டை எடுத்தார். கிளிப்பைப் பார்த்தார். வெகுநேரம் தொடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"நீலச் சட்டையில. நான்தான் கூப்பிட்டேன். என்னாலதான்."

"நீ சாப்பிடக் கூப்பிட்ட. பையில போட்டது என் கை."

அவர் எழுந்ததும் எங்கே கிளம்புகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலை மறித்து நின்றாள். "என்னங்க, தெரியாமதானே நடந்துச்சு? உங்களுக்குத் தெரியணும்னுதான் காட்டினேன். வெளிய சொல்ல வேணாம். அந்த டீசல் போட்ட பொண்ணுக்காகப் பொய் சொன்னீங்களே. நமக்காகச் சும்மா இருக்கக் கூடாதா? உங்களைக் கொண்டு போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாத்து இருப்பேன்?"

"அந்தப் பொய்யால யாரு தலையும் குனியலம்மா," என்றார். "இங்க செத்துப்போன புள்ள தலை குனிஞ்சு கிடக்கு. அலமாரிக்குள்ள."

அவள் வழிவிட்டாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, தானும் கூடவே நடந்தாள்.

பஸ்காரர் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடி கேட்டார். கிளிப்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஐயா. உங்க பையன் அழுத்தினதுக்கு அந்த வண்டி தாங்கியிருக்கணும். தாங்கறமாதிரிதான் நான் அமைச்சேன். குழாயத்தான் மாட்டல. அவன் மேல தப்பில்ல."

பஸ்காரர் அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார், படத்தை எடுத்தார், சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது. சரி செய்தார். முகத்தைத் திருப்பாமலே, "போங்க," என்றார். கிளிப்பைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் பட்டறைக்காரர் தானே போலீசில் போய்ச் சொன்னார். வழக்கு நடந்தது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனது என்று இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். பட்டறைக் கதவு சாத்தப்பட்டது. அவள் சன்னலையும் சாத்தி வைத்தாள்.

வாரம் ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்ப்பாள். நடுவில் கம்பிவலை, இருபது நிமிடம். பட்டறைப் புகையை வாழ்நாளெல்லாம் குடித்த நெஞ்சு உள்ளே போனதும் இருமத் தொடங்கியது. வாராவாரம் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அந்தப் பக்கம் போனியா? படம் இருக்கா?"

"இருக்குங்க. கதவு திறந்திருந்துச்சு, பாத்தேன்."

"உன்கிட்ட பேசினாரா?"

"இல்லைங்க."

"பேசமாட்டாரு. பேசணும்னு நாம எதிர்பாக்கக் கூடாது."

பதினோராவது மாதம் போனபோது, அவர் வலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அடுத்த வாரம் வரை அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று இருவருக்கும் அப்போது தெரியாது. வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னாள். வீட்டில் எல்லாம் சௌகரியமா என்றார். சௌகரியம்தான், அடுப்புப் பக்கம் மட்டும் லேசாகக் கேஸ் வாடை வருகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். காவலர் நேரமாகிவிட்டது என்று மணியடித்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வலையில் நெற்றியை வைத்தபடி, இருமலை அடக்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"போனதும் அடுப்பைப் பத்த வைக்காதம்மா. சன்னலைத் திறந்து வெச்சுட்டு, முதல்ல அந்த டியூபு கிளிப்பக் கையால தொட்டுப் பாரு. கண்ணால பாத்தா மட்டும் போதாது. தொட்டுப் பாரு."