அழமுடியாத அஞ்சலீனா அக்கா

ஒரு கவளம் சோறு, ஒரு மிடறு தண்ணீர். மறுபடி சோறு, மறுபடி தண்ணீர். குழைய அவித்த சோற்றில் மிளகாய் போடாத தேங்காய்ப்பால் மீன் சொதியை ஊற்றிப் பிசைந்து, வாயில் வைத்து, கண்களை மூடிக்கொண்டு விழுங்குகிறார் அஞ்சலீனா அக்கா. கண்ணைத் திறந்து, "இறங்கீட்டுது" என்று அறிவிக்கிறார். எதிரே இருப்பவர் இதற்குப் பழக வேண்டும். நான் இன்னும் பழகவில்லை. அவர் விழுங்கும்போதெல்லாம் என் தொண்டையும் சேர்ந்து அசைகிறது.

மன்னார்க்காரி. ஐம்பதைத் தாண்டியவர். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில், மகள் றொஷினியோடு வாடகைக்கு இருக்கிறார். அவருடைய வாயில் எச்சில் ஊறுவதில்லை, கண்ணில் நீர் சுரப்பதில்லை. கிருமிகளை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் படை, ஆள் மாறி, அந்தச் சுரப்பிகளையே தாக்குகிறது. டொக்டர் பிரெஞ்சில் விளக்கியதை நான் தமிழில் சொன்னபோது, பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொற்கள்தான் என் வாயில் வந்தன. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என்ரை ஆமியே எனக்குச் சுடுது எண்டு சொல்லன் பிள்ளை."

நோயின் பெயர் ஷோக்ரன். அவர் வாயில் அது சோக்கரன். "பேர் வைச்சவன் சோக்காய்த்தான் வைச்சிருக்கிறான்" என்பார்.

இதை அடியோடு மாற்ற மருந்தில்லை, வாழும் முறையை மாற்றிக்கொண்டு சமாளிக்கலாம் என்றார்கள். அக்கா மாற்றினார். மிளகாய்த்தூள் மகளின் கறிக்கு மட்டும் என்றாயிற்று. கருவாடு, அப்பளம், முறுக்கு எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. எச்சில் இல்லாத வாயில் பல் விரைவில் சொத்தையாகும் என்பதால் தேநீரில் சீனியும் போயிற்று. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். அதன் பக்கத்தில் எந்நேரமும் ஈரத் துவாய் தொங்கும். வெளியே காற்றடித்தால், முகத்தில் பாதியை மூடுகிற கண்ணாடி. "பஸ்ஸிலை சனம் பாக்கிற பார்வை! இவ இறங்கி மோட்டச்சைக்கிள் ஓடப்போறா எண்டு நினைக்கினம்." கோயிலில் பூசையில் தரும் நற்கருணை அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கைப்பையில் போத்தல் தண்ணீர் இல்லாமல் பூசைக்குப் போகமாட்டார்.

வேலையையும் மாற்றினார். மாத்திரை பொதி செய்யும் தொழிற்சாலையில், ஏசிக் காற்றில், கதிரையில் இருந்து செய்யும் வேலை. அதை விட்டுவிட்டு ஹோட்டல் துணி வெளுக்கும் லோன்றிக்குப் போனார். நாள் முழுக்க நின்று ஈரப் படுக்கை விரிப்புகளை இழுக்க வேண்டும். ஆனால் அங்கே நீராவி இருக்கிறது. "அதுக்குள்ளை நிண்டால் கண் எரியாது, பிள்ளை. கர்த்தர் எனக்கெண்டு கட்டி வைச்ச இடம்."

இவ்வளவு ஒழுங்கும் தம்பி வலன்ரைனுக்காக. தாய் இறந்த பிறகு அக்காவின் இடுப்பில் வளர்ந்த கடைக்குட்டி. சண்டைக்குள் அகப்பட்டு வன்னியில் இருந்தான். எப்படியாவது கனடாவுக்குக் கூப்பிட்டுவிடுவேன் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் வரேக்கை நான் ஒரு வருத்தக்காரியாய் நிக்கக்கூடாது." தம்பிக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த வருடம் தை மாதம் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோதுகூட, "என்னக்கா குரல் கரகரக்குது, சுருட்டுக் கிருட்டுப் பத்துறியோ?" என்று கேட்டானாம். "ஓமடா, இஞ்சத்தைக் குளிருக்கு எல்லாப் பொம்பிளையளும் பத்துறவை" என்று சிரித்துவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

வன்னியில் போர் முற்றிய அந்த மாதங்களில் எங்களில் யார் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்? தொலைக்காட்சிக்கு முன்னால் சோறு காய்ந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லிப் பனிக்குள் பதாகை பிடித்து நின்றுவிட்டு வந்து அப்படியே விழுந்து படுத்தோம். அஞ்சலீனா அக்கா மட்டும் நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்குப் படுத்தார். கோயிலில் கதை கிளம்பியது. "ஊர் எரியுது, இவ குந்தியிருந்து பப்பாப்பழம் வெட்டுறா."

என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன். நான் வாயைக் கட்டுறன், நீ அவனைக் கொண்டுவந்து தா எண்டு." டொக்டர் சொன்ன பத்தியம் அப்படியே நேர்த்தியாகிவிட்டிருந்தது. ஒரு பிறந்தநாள் வீட்டில் தெரியாமல் ஒரு துண்டு கேக்கைக் கடித்துவிட்டு, குளியலறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பல்லுக்குப் பயந்து துப்பியதில்லை அது.

ஆனி மாதத்தில், அகதி முகாமிலிருந்து வலன்ரைனின் அயலவர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். வைகாசியிலேயே, கடற்கரையில், ஷெல். உடலைப் புதைக்கக்கூட அவகாசம் இருக்கவில்லையாம். அன்றைக்கும் அக்கா சொதி வைத்தார், மிளகாய் போடாமல். எனக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ஏன் அக்கா?"

"கை பழகீட்டுது, பிள்ளை. இனி ஆருக்கெண்டு தெரியேல்லை."

தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். கோயில் நிறைந்திருந்தது. ஒருவருக்காக வைத்த பூசையில் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களுக்காக அழுதார்கள். முன் வரிசை வாங்கில் அக்கா நிமிர்ந்து இருந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்து, மணல் கொட்டியதுபோல் வறண்டு கிடந்தன. பின் வரிசை வாங்கிலிருந்து யோசெப்பின் குனிந்தார். ஊரிலிருந்தே தெரிந்த சிநேகிதி.

"கூடப்பிறந்தது போயிருக்கு. ஒரு சொட்டெண்டாலும் விடடி. என்ன கல்லோ நீ?"

"விடத்தான் பாக்கிறன், யோசெப்பின். வருகுதில்லை."

"கண்ணீர் வராத வருத்தமும் உலகத்திலை இருக்குதோ?"

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து அக்காவின் பையில் இருந்தது. விடுங்கோ என்று நான் மெல்லச் சொன்னேன். "இப்ப விட்டால் நடிக்கிறா எண்டுவினம்" என்று பையைத் தள்ளி வைத்தார். "என்ரை மனுசன் செத்த வருசம் இந்தக் கண்ணாலை ஆறு ஓடினது பிள்ளை. தம்பிக்கெண்டு கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருக்கலாம்." சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

அவருக்குப் பக்கத்தில் றொஷினி விம்மிக்கொண்டிருந்தாள். மொன்றியலில் பிறந்தவள். மாமாவைக் கண்டதில்லை, தொலைபேசியில் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள். அவன் தமிழில் பகிடி விட, இவள் பிரெஞ்சு கலந்து பதில் சொல்லுவாள். அவளுடைய கன்னங்களில் நீர் தாரையாக வழிந்தது. அக்கா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, மகளின் கன்னத்தைப் பெருவிரலால் மெல்ல வழித்தார். ஈரம் காயுமுன்னே அந்த விரலைத் தன் கண்ணில் வைத்து, உப்பு எரிக்க எரிக்க, இமைகளை இறுக மூடிக்கொண்டார்.