எடைமேடையில் நெத்திலி

இந்த வழிப் பேருந்தை நிறுத்திய அதிகாரியே, ஆள் ஏறவில்லை என்று நீங்கள் எழுதியது பொய்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் பழைய சாலையில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். லாரிகளுக்காக அகலமாகப் போட்ட சாலை. சரக்குக் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டதால் இப்போது லாரி வருவதில்லை. வெயிலில் தார் தண்ணீராக மினுங்குகிறது. அதன்மேல் ஓர் ஆடு மிதந்து போகிறது. உப்பளங்களின் வெள்ளையில் வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. லாரிகளை எடை போட்ட பெரிய இரும்புத் தகடு முழுக்க நெத்திலி காய்கிறது.

மீனைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருவரான ரோசம்மாவிடம், ஏன் இதில் காயப்போடுகிறீர்கள் என்று கேட்கிறேன்.

“இரும்புச் சூட்டுல சட்டுனு காயும், மண்ணும் ஒட்டாது. லாரி போனதுல எங்களுக்குக் கெடச்ச ஒரே லாபம் இதுதான் அண்ணாச்சி” என்று சிரிக்கிறார்.

“சந்தைக்கு எப்படிப் போவீங்க?”

“நடைதான். பஸ்ஸுல ஆளே இல்லன்னு நிப்பாட்டிட்டாக. ஞாயித்துக்கெழம வந்து எண்ணுனா எவ ஏறுவா? அன்னைக்குக் கடலுக்கும் போமாட்டாக, யாவாரமும் கெடையாது. எல்லாரும் மாதா கோயில் பூசையிலல்லா இருப்போம்!”

காய்ந்த மீன் கூடையைத் தலையில் ஏற்றுகிறார். வலது முழங்கால் மடங்கி, மெதுவாக நிமிர்கிறது. சந்தை ஐந்து கிலோமீட்டர். கானலுக்குள் முதலில் அவர் கால்கள் கரைகின்றன, பிறகு இடுப்பு. கடைசியில் கூடை மட்டும் காற்றில் போகிறது.

அதிகாரியே, ஒரு வேலை நாளில் இந்த நிறுத்தத்துக்கு வாருங்கள். ஞாயிறன்று ஏன் எண்ணினீர்கள் என்று இந்தப் பெண்கள் முன்னால் சத்தமாகச் சொல்லுங்கள்.