விற்கப் போன வண்டியில் திருத்தணி வரை

காலை ஆறு மணிக்கு ஆவடியிலிருந்து கிளம்பினோம். நான், என் கணவர் சேகர், எங்கள் பிக்கப் வண்டி. போக வேண்டிய ஊர் அரக்கோணம். போகிற காரியம், அந்த வண்டியை விற்பது. வாங்குகிறவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர். பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஆவடியிலிருந்து அரக்கோணத்துக்குத் திருவள்ளூர் தாண்டி நேராகப் போய்விடலாம். "திருத்தணி வழியா சுத்திகினு போலாங்க, மலையப் பாத்து ரொம்ப நாளாச்சி" என்று கேட்டவள் நான்தான். முருகன் பேரைச் சொன்னால் என் கணவர் மறுக்கமாட்டார். உண்மைக் காரணம் வேறு. வண்டி கைவிட்டுப் போவதற்குள் இன்னும் கொஞ்ச தூரம் அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இது. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எங்களுக்குப் பயணமே ஆரம்பிக்கும். ஜவ்வாது மலைக் கிராமங்கள், நகரிப் பக்கத்துக் காட்டுப் பாதைகள், மழைக்குப் பிந்தைய ஏரிகள் என்று எட்டு வருடம் சுற்றினோம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்து மாதத்துக்கு முன்னால் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. "உட்காரலாம், ஊருக்குப் போகலாம், குலுக்கல் மட்டும் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குலுக்காமல் போவதற்கு எங்கள் வண்டி என்ன பல்லக்கா? போதாக்குறைக்கு, நான் படுக்கையில் இருந்த நாட்களில் இவர் பட்டறையில் விட்டு என்னவோ வேலை பார்த்தார். அதன்பின் அது இன்னும் விறைத்துக்கொண்டது. சின்னக் கல்லில் ஏறினாலும் தூக்கிப் போட்டது. "வித்துட்டு தரையோட தரையா போற காரு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். "சரிங்க" என்றேன். அந்த 'சரிங்க'வுக்கு அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு மணிக்குக் கனகம்மாசத்திரம். சாலையோரக் கடையில் டீ பதினைந்து ரூபாய். திருப்பதி போகிற கூட்டம் ஒரு வேனிலிருந்து இறங்கி இட்லிக்கு முண்டியடித்தது. அதுவரை எத்தனை வேகத்தடை வந்ததோ, அத்தனைக்கும் என் கால் கட்டைவிரல் மடங்கியது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"சேச்சே, இல்ல" என்றேன்.

நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வலிக்கிறது என்று சொன்னால் இங்கிருந்தே வீட்டுக்குத் திருப்பிவிடுவார், இந்தக் கடைசிப் பயணமும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் டீயை ஊதிக் குடித்தோம்.

ஒன்பது மணிக்குத் திருத்தணி. வண்டிப் பாதையில் மேலே ஏறி, கிருத்திகை இல்லாத நாள் என்பதால் சீக்கிரமே கும்பிட்டு முடித்தோம். மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு குடும்பம் மொட்டைத் தலைகளில் சந்தனம் ஈரமாக மின்ன உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் கலந்து ஓடின. மேலிருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் கூரைகளும் தென்னந்தலைகளும்தான். வடக்கே ஆந்திரா மலைகள் வரிசையாக நின்றன. அந்த மலைகளுக்குள் போகிற பாதைகள் பாதி எங்களுக்குத் தெரியும். நான் அதிக நேரம் அந்தப் பக்கம் பார்க்காமல் கீழே வந்துவிட்டேன்.

இறங்கும்போது பின்பக்கம் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். "இந்தச் சத்தத்தோட போய் நின்னா அந்த ஆளு வெலய அடிச்சிடுவான்" என்று சொல்லி, பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார். மெக்கானிக் பெயர் டேனியல். நாற்பது வயதிருக்கும். லுங்கிக் கட்டு ஏற்றும் டெம்போ ஒன்றின் அடியிலிருந்து எழுந்து வந்தார். எங்கள் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், ஸ்பிரிங்ல ரெண்டு இரும்புப் பட்டை எக்ஸ்ட்ரா போட்டுக்கீறீங்க? தறி சாமான் ஏத்தற வண்டிக்குத்தான் இப்டி போடுவாங்க. காலி வண்டி எப்டி அமுங்கும்? குதிச்சிகினுதான் வரும். நீங்க அப்டி இன்னாத்த ஏத்தறீங்க?"

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

"கட்டிலு" என்றார் கடைசியில்.

"கட்டிலா?"

"இரும்புக் கட்டிலு ஒண்ணு செஞ்சி, பின்னாடி கூரை போட்டு வெச்சிட்டா, இவ படுத்துகினே வரலாம்னு நெனச்சேன். அந்த வெயிட்ட தாங்கணும்ல, அதான் மொதல்ல பட்டைய போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கட்டில் எங்க?" என்று கேட்டேன்.

"நீதான் ஒரு நாளு, நான் இன்னா நோயாளியா, படுத்துகினே போறதுக்குன்னு கத்துன. அதோட விட்டுட்டேன்."

கத்தினேன்தான். ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போகலாமா என்று அவர் கேட்ட நாள் அது. அந்த ஒரு பேச்சில் கட்டிலை மனதுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டார். பட்டை மட்டும் வண்டியில் தங்கிவிட்டது. எனக்கு நோகக்கூடாது என்று செய்த வேலைதான் இத்தனை மாதமாக என்னைத் தூக்கிப் போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

பட்டைகளைக் கழற்றிவிட டேனியல் ஒப்புக்கொண்டார். மூன்று மணிக்கு அரக்கோணம் போக வேண்டும் என்று என் கணவர் அவசரப்படுத்தினார். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, கூடுதல் பட்டைகளை எடுத்து, மற்றதைத் திரும்பப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை ஆயிற்று. டயர் காற்றும் மூட்டை ஏற்றுகிற அளவுக்கு இருந்தது. அதையும் குறைத்தார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. ஆனால் குதிப்பு முக்கால்வாசி அப்படியேதான் இருந்தது.

"அவ்ளோதான், விடு. இதுக்கு வயசாயிடுச்சி" என்றார் என் கணவர்.

நான் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். எட்டு வருடம் பார்த்த வண்டி. "டேனியல் தம்பி, ரெண்டு பட்டை கொறஞ்சா பின்பக்கம் எறங்கணும்ல? இன்னும் தூக்கிகினுதான நிக்குது?" என்றேன்.

டேனியல் குனிந்து பார்த்தார். பிறகு தலையில் தட்டிக்கொண்டார். "ஆங், கரெக்ட்டுக்கா. அவசரத்துல சக்கரம் தொங்கிகினு இருக்கும்போதே போல்ட்டு எல்லாத்தையும் முறுக்கிட்டேன். உள்ள இருக்கற ரப்பரு அந்த நெலையிலயே புடிச்சிகிச்சி. எப்டி அமுங்கும்? சக்கரம் தரைல நிக்கணும், போறவங்க ஏறி உக்காந்துகினு இருக்கணும், அப்போதான் முறுக்கணும்." போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, நான்கு சக்கரமும் உருளாமல் கட்டை கொடுத்தார். "ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துல ஏறி உக்காருங்க. ஆடாதீங்க. பேசிகினு இருங்க, ஒண்ணும் தப்பில்ல."

இப்படி ஒரு பயணத்தை நான் செய்ததில்லை. வண்டி நிற்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர். பக்கத்தில் நான். எங்கள் எடையில் பின்பக்கம் மெல்ல இறங்கியது. கீழே ஸ்பேனர் கடகடவென்று திரும்புகிறது. எதிரே ரோட்டில் பொதட்டூர்பேட்டை பஸ் ஒன்று கூரை நிறைய மூட்டையோடு போனது.

"கட்டிலு எந்தப் பக்கமா போடறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னலு பக்கமா. படுத்துகினே மலையப் பாக்கலாம்ல."

அவர் கைமேல் என் கையை வைத்தேன். கீழேயிருந்து டேனியல், "யாரோ அசையறீங்க!" என்றார்.

இரண்டு மணிக்கு ஷெட்டை விட்டோம். அரக்கோணத்துக்கு ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இவர் எதிர்ப்பக்கம் விட்டார். "டெஸ்ட் பண்ண வாணாமா?" என்றார். கரும்புத் தோட்டத்தை ஒட்டி இடதுபுறம் ஒரு செம்மண் பாதை பிரிந்து ஏரிக்கரை மேல் ஏறியது. மாட்டு வண்டித் தடம், பள்ளம், கல். நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சை அடக்கினேன். முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியது, எழுந்தது. முதுகுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இரண்டாவது பள்ளமும் அப்படியே போயிற்று. நான் மூச்சை விட்டேன். ஏரியில் தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது, நாலைந்து கொக்குகள் எங்களைப் பொருட்படுத்தாமல் நின்றன.

கரை வளைகிற இடத்தில் வேர் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதில் ஏறி இறங்கியபோது இடுப்பில் சுருக்கென்றது.

"இங்க வலிச்சிது" என்றேன்.

பத்து மாதத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அவர் பதறி பிரேக்கை மிதித்தார். ரிவர்ஸ் கியருக்குக் கை போனது.

"எதுக்கு ரிவர்ஸு? வலிச்சிதுன்னுதான சொன்னேன், திருப்புன்னா சொன்னேன்? தாங்கற வலிதான். கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, போதும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். இந்த முறை அதில் ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"அரக்கோணம் சாரா? மன்னிச்சிக்குங்க சார், உங்கள அலைய வெச்சிட்டேன். வண்டி குடுக்கறதா இல்ல. ஆங், ஆமாங்க, வீட்ல ஒத்துக்க மாட்டன்றாங்க."

ஃபோனை வைத்ததும், "நான் எப்போ ஒத்துக்க மாட்டேன்னு சொன்னேன்? நான் ஒரு வார்த்த பேசினேனா?" என்று சண்டைக்குப் போனேன்.

"காத்தாலேர்ந்து பேசாம இருந்தியே, அத சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, முதல் கியரைப் போட்டு, கரை மேலேயே முன்னால் விட்டார்.