அக்காவின் பெப்பினோ

எங்கள் வீட்டில் எது வந்தாலும் முதலில் அக்காவுக்குத்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்த அநியாயத்தை நினைக்காமல் நான் தூங்கியதே இல்லை. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அப்பா, ஒருநாள் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பெப்பினோக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். நட்டால் முலாம்பழ வாசனையில் பழம் வருமாம். நானும் கையை நீட்டினேன்.

"நீ வேணாம், தண்ணி ஊத்தியே சாவடிச்சிடுவ. பெரியவ பாத்துக்கட்டும்" என்றார்.

அக்கா பழைய பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு அதை நட்டாள். சாய்ந்த கிளைகளுக்குக் குச்சி ஊன்றி, பாவாடை நாடாவால் கட்டினாள். அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் அதற்கே போயிற்று. கத்தரிப் பூ மாதிரி ஊதாப் பூக்கள் விட்டன. அப்பா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போன் வெளிச்சத்தில் வாளியைத்தான் பார்ப்பார். நான் கணக்குப் பரீட்சையில் நூறு வாங்கிய அன்றும் அப்படித்தான் செய்தார். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிவைத்த சைனைடு மேடு எங்கள் தெருக்கோடியில் இருந்தது. அந்த மண் வாயில் பட்டால் செத்துப்போவோம் என்று அம்மா சொல்லியே வளர்த்திருந்தாள். ஜாமெட்ரி பாக்ஸ் நிறைய அதை அள்ளிவந்து, அக்கா குளிக்கப் போன நேரத்தில் வாளியில் போட்டுக் கிளறிவிட்டேன்.

மறுவாரம் பூவெல்லாம் உதிர்ந்தது. வெயிலுக்கு உதிர்ந்திருக்கும், நான் என் சாமர்த்தியம் என்று நம்பினேன். அக்கா அழுதாள். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

ஆனால் செடி சாகவில்லை. மழைக்குப் பிறகு மறுபடி பூத்து ஒரே ஒரு காய் பிடித்தது. அது மஞ்சளாகி ஊதாக் கோடு விழுந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டாக அறுத்தார். முதல் பாதி வழக்கம்போல் அக்காவுக்கு. அவள் வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பாய்ந்து தட்டிவிட்டேன்.

"சாப்பிடாதக்கா!"

"இன்னாடி இவ்ளோ பொறாம உனக்கு?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். இன்னொரு பாதியும் பெரியவளுக்கே என்றார் அப்பா. மண் போட்டதைச் சொன்னால் இன்னும் விழும் என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா கீழே விழுந்ததை எடுத்துக் கழுவித் தின்றுவிட்டாள்.

மத்தியானம் அவள் படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ, கண்ணைத் திறந்தாள்.

"இன்னா, பழம் வேணுமா? உனக்குன்னுதான் கிண்ணத்துல மூடி வெச்சிருக்கேன். போய்த் துன்னு."

போய்த் தின்றேன். அவள் செத்தால் நானும் செத்துப்போக வேண்டும் என்று தோலைக்கூட விடாமல் தின்றேன். எனக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது என்றுதான் அன்றைக்கும், ஏன், அதற்குப் பிறகும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.